ஷிபானா ஏசாத பதில்கள்

வாய்க்காரி ஷிபானாவுக்கு,

ஜெனிட்டாதான். நான் உனக்குக் கடிதம் எழுதுவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் நீ சிரித்திருப்பாய். "வொய்ஸ் போடுடி, எழுதி எழுதிக் கொல்லாத" என்பாய். இந்த விஷயத்துக்கு வொய்ஸ் போட எனக்கு விருப்பமில்லை. ஏன் என்று போகப் போகத் தெரியும். மற்றவர்களும் வாசிக்கட்டும் என்றுதான் ஒளிக்காமல் எழுதுகிறேன்.

முதலில் ஒரு செய்தி. நீ இப்போது மாத்தளையில் எல்லாரோடும் பேசுகிறாய். தெரியுமா?

எனக்குத் தெரிந்த விதத்தைச் சொல்கிறேன். நான் இப்போது பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு கொமியூனிகேஷன் கடையில் நிற்கிறேன். போட்டோகொப்பி அடிப்பது, பிரின்ட் எடுப்பது, சிம் விற்பது. இந்த வேலையும் எத்தனை நாளைக்கோ, என் குணம் உனக்குத் தெரியும். அங்கே ஒருத்தன் நம்ம இன்ஸ்டிடியூட் டை கட்டிக்கொண்டு வந்தான். அசைன்மென்ட் பிரின்ட் எடுக்க வேண்டுமாம்.

"கொஞ்சம் பொறுங்க அக்கா, ஒரு பிழை வருது" என்று போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனான். "லிஸ்ட் இன்டெக்ஸ் அவுட் ஒஃப் ரேஞ்ச்னு வருது."

போன் பதில் சொன்னது. "நல்ல கேள்வி. கவலைப்படாதீங்க. திருத்தின கோட் இதோ."

உன் குரல். அந்தக் கரகரப்பு, கடைசிச் சொல்லை விழுங்குகிற அந்தப் பழக்கம், எல்லாம். நான் போட்டோகொப்பி மெஷினின் மூடியைத் திறந்தபடியே நின்றேன்.

"தம்பி, யாரு அது?"

"ஷிபானா. இன்ஸ்டிடியூட்டோட ஆப், அக்கா. என்ன கேட்டாலும் சொல்லும்."

"ஷிபானா யாருன்னு தெரியுமா?"

"ஆப்போட பேரு."

"சரி, பிழை என்னான்னு வெளங்குச்சா?"

"இல்ல. ஆனா இப்ப ஓடுது."

பிரின்ட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டான். மூன்று சாமான் இருக்கிற பட்டியலில் நாலாவதைக் கேட்டிருக்கிறான், அவ்வளவுதான் பிழை. நீயாக இருந்தால் அதை அவன் வாயாலேயே வரவழைத்திருப்பாய். "நல்ல கேள்வி" என்று நீ யாருக்காவது ஒரு நாளாவது சொல்லியிருக்கிறாயா? மௌத்தாகி மண்ணுக்குள் போன பிறகுதான் உனக்கு மரியாதை வந்திருக்கிறது.

வாசிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஷிபானாவின் குரலை முதலில் எடுத்தது இந்த ஆப் இல்லை. நாங்கள் இரண்டு பேரும் அந்த இன்ஸ்டிடியூட்டில் பைத்தன் படிக்கச் சேர்ந்தோம். முதல் மாதம் அவள் எழும்பி, "ஏன் சேர் ஒண்டுல இருந்து எண்ணாம சைபர்ல இருந்து எண்ணுது?" என்று கேட்டாள். பின் வாங்கில் உட்கார்ந்திருந்த ஒருவன் அதை ரெக்கோர்ட் பண்ணிவிட்டான். தகரத்தில் ஆணி இழுக்கிற குரல் என்று பெயர் வைத்து எல்லாருக்கும் அனுப்பினான். யார் கிளாசுக்குப் பிந்தி வந்தாலும் அதைப் போட்டுச் சிரிப்பார்கள்.

நான் இன்ஸ்டிடியூட்டை நடத்துகிற சேரிடம் போய்ச் சொன்னேன். "பொடியன்மாரோட வெளயாட்டு, பெருசாக்காதீங்க" என்றார். நான் பெரிதாக்கினேன். பையைத் தூக்கிக்கொண்டு வந்தவள்தான், பிறகு போகவேயில்லை. நீ உட்கார்ந்தே இருந்தாய். அதற்கும் உன்னை ஏசினேன். "நான் காரணமில்லாம ஏன்டி எழும்பணும்?" என்றாய். ஆனால் அந்தக் கிளாசில் அதற்குப் பிறகு நீ வாய் திறக்கவில்லை.

வாயை வேறிடத்தில் திறந்தாய். பொம்பளைப் பிள்ளைகள் மட்டும் இருக்கிற ஒரு குரூப். கோடிங் படிக்கத் தொடங்கி எங்கேயாவது சிக்கிக்கொண்டவர்கள் யாரும் வரலாம். ரத்தோட்டையிலிருந்து வந்தார்கள், கலேவெலயிலிருந்து வந்தார்கள், ரிவர்ஸ்டன் பக்கம் தேயிலைத் தோட்ட லயத்தில் சிக்னல் கிடைக்காமல் மேட்டுக்கு ஏறி நின்று கேட்டவளும் இருந்தாள். நீ ஒரே ஒரு சட்டம்தான் வைத்தாய். இதற்குள் போடுகிற குரல் இதை விட்டு வெளியே போகக் கூடாது. யாருடைய குரலும்.

நம்ம பிள்ளைகள் எல்லாரும் ஒரே தவறைச் செய்வார்கள், ஞாபகமா? திரையைப் போனில் படம் எடுத்து அனுப்புவார்கள். ஆனால் கீழே சிவப்பில் வருகிற பிழையை வெட்டிவிட்டு அனுப்புவார்கள். வெட்கம். கணக்கில் குறைந்த மார்க்கை உள்ளங்கையால் மறைப்பது மாதிரி. என்ன நோய் என்று சொல்லாமல் மருந்து கேட்கிற கூட்டம் என்று நீ ஏசுவாய். பிறகு அந்தச் சிவப்பு வரியை வாயால் வாசித்து வொய்ஸ் போடச் சொல்வாய். இங்கிலீஷ் எப்படி வந்தாலும் சரி, யாரும் சிரிக்கக் கூடாது. "நேம் எரர், நேம் டோட்டல் இஸ் நொட்..." என்று தடக்கித் தடக்கி வாசிக்கும்போதே பாதிப் பேர், "ஐயோ, மேல டோட்டல்னு எழுதவே இல்லயே" என்று தாங்களே பிடித்துவிடுவார்கள்.

கலேவெல ருஸ்னா வந்த நாள் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "ஷிபானா ராத்தா, போன் சுடுது. நம்பர் வந்துக்கிட்டே இரிக்கி, நிக்குதே இல்ல" என்று அழுகிற குரலில் போட்டாள்.

"சுத்து சுத்துன்னு சொல்லியிரிக்கீங்க. எப்ப நிக்கணும்னு சொன்னீங்களா?"

"இல்ல."

"அப்ப அது ஏன் நிக்கணும்? ஒங்கட வாப்பா ட்ரக்டர வயலுக்குள்ள அப்பிடி ஓடவிட்டுட்டு சோறு தின்ன வருவாரா?"

முதலில் சிரித்தது ருஸ்னாதான். நீ பதிலைச் சொல்லவில்லை. எந்த எண்ணில் நிற்க வேண்டும் என்கிற வரி இல்லை என்று அவளே கண்டுபிடித்து வந்து கத்தினாள். இப்போது அவள் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறாள். உன்னை மாதிரியே ஏசவும் செய்கிறாள்.

பிறகு டெங்கு வந்து உன்னைக் கொண்டுபோனது. ஒரு கொசுவிடம் என்ன நியாயம் கேட்பது? யாரையாவது குற்றம் சொல்லக் கிடைத்திருந்தால் எனக்கு இவ்வளவு எரியாது.

உன் வீட்டில் உனக்காகக் குர்ஆன் ஓதிக் கத்தம் முடித்த அன்றைக்கு சேரும் வந்தாராம். உன் ஞாபகமாக ஒன்று செய்யப் போகிறோம் என்று வாப்பாவிடம் சொல்லி, உன் போனைக் கேட்டு வாங்கி, ஒரு தாளில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். வாப்பா ஏதோ படம் மாட்டப் போகிறார்கள் என்று நினைத்திருக்கிறார். அவருக்கு எப்படித் தெரியும்? அதில் இருந்த வொய்ஸை வைத்துத்தான் ஆப்புக்குக் குரல் செய்திருக்கிறார்கள், ஆனால் போனில் இடம் இல்லாமல் நீ பாதியை அழித்திருந்தாய். மீதிப் பாதி, இல்லை, முழுவதும் என்னிடம் இருக்கிறது. அதனால்தான் சேர் எனக்கு கோல் எடுத்தார். எத்தனை வருஷத்துக்குப் பிறகு.

போனேன். கதிரை காட்டினார். பிளேன்டீ சொன்னார்.

"இன்னும் கோபமா ஜெனிட்டா?"

"எதுக்குக் கூப்பிட்டீங்க சேர்?"

"அவங்க குரல் எத்தனை பிள்ளைகளுக்கு உதவுதுன்னு பாருங்க. இதவிட நல்ல ஞாபகார்த்தம் வேற என்ன இருக்கு? உங்ககிட்ட இருக்கிற மத்த வொய்ஸும் கிடைச்சா இன்னும் இயல்பா வரும்."

"அவ ஒரு நாளும் 'நல்ல கேள்வி'ன்னு சொன்னதில்ல சேர்."

"அத மாத்தலாமே. ஏசுற மாதிரியும் வைக்கலாம். பிள்ளைகளுக்குப் பிடிக்கும்."

கேட்டாயா? நீ ஏசுவதையும் ஒரு பட்டனுக்குள் வைக்கலாமாம். அந்த மனுஷன் கெட்டவர் இல்லை, அதுதான் எரிச்சல். உண்மையிலேயே உனக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு கண் கலங்கப் பேசினார்.

"இதே கிளாசில அவ கொரலப் போட்டு சிரிச்சாங்க. அப்ப வெளயாட்டுன்னீங்க. இப்ப அதே கொரலுக்கு என்ன வந்துச்சு சேர்?"

அவர் கையெழுத்துப் போட்ட தாளை எடுத்து மேசையில் வைத்தார். "குடும்பம் சம்மதிச்சிருக்கு" என்றார்.

சரி, குடும்பத்திடமே கேட்கிறேன் என்று அங்கிருந்தே உன் வீட்டுக்குப் பலாபத்வல பஸ்ஸில் ஏறினேன். வழி நெடுக உம்மாவிடம் என்ன கத்த வேண்டும் என்று மனசுக்குள் அடுக்கிக்கொண்டு போனேன்.

"வாங்க மகள், வெயிலுக்குள்ள வந்திரிக்கீங்க" என்று சமைத்துக்கொண்டிருந்த உம்மா குசினிக்குள்ளேயே இருக்கச் சொன்னார். சீனி டின்னில் சாய்த்து ஒரு போன். உம்மாவின் முகத்தில் ஒரு வெளிச்சம், நீ போன பிறகு நான் பார்த்தேயிராதது.

"இங்க கேளுங்களேன். ஷிபானா, சாப்பிட்டியா?"

"நன்றி. நான் உங்களுக்கு கோடிங்கில உதவ இருக்கேன். என்ன பிரச்சினை?" என்றது உன் குரல்.

உம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார். "அப்பவும் இப்பிடித்தானே மகள். தின்னக் கூப்பிட்டா வேற கத கதைப்பா."

நான் என்ன கத்துவேன், சொல்லு. கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் எனக்குப் பைத்தியம் பிடித்தது. ஆப்பை நிறுத்தச் சொன்னால் உம்மாவுக்கு அந்தக் குரலும் இல்லை. விட்டுவிட்டால் உன் சட்டம் இல்லை. குரூப்பில் கேட்டேன். ஆளுக்கொரு பக்கம் பேசினார்கள். ருஸ்னா, "எனக்கும் அத கேக்கணும் போல இரிக்கி அக்கா, பொய்யா இருந்தாலும்" என்றாள். நான் வாய்க்கு வந்தபடி ஏசினேன். அவள் இன்னொரு வொய்ஸ் போட்டாள்.

"அப்ப நம்மகிட்ட இருக்கிற மெய்யானத உம்மாவுக்குக் குடுங்களே."

"வெளிய போகக் கூடாதுன்னு அவதானே சொன்னா."

"ஏன் வெளிய? உம்மாவும் பொம்பளதானே. உள்ளுக்கு எடுங்க."

நான் கிளாசை விட்டு ஓடினவள். இந்த மூளையெல்லாம் எனக்கு வராது.

உம்மாவை உள்ளே எடுத்தோம். புதிதாக வருகிறவருக்குப் பழைய வொய்ஸ் தெரியாது என்பதால் உன்னுடையதை ஒவ்வொன்றாகத் திரும்பப் போட்டேன். அன்றைக்கு முழுக்க எல்லாப் பிள்ளைகளின் போனிலும் நீ ஏசிக்கொண்டே இருந்தாய். மலையில் ஒருத்தி, வயலில் ஒருத்தி, பஸ்ஸில் ஒருத்தி. உம்மாவிடமிருந்து மட்டும் ஒன்றும் வரவில்லை. அடுத்த நாளும் இல்லை. பயந்துபோனேன்.

அந்தக் கிழமைக் கடைசியில் வாப்பாவையும் கூட்டிக்கொண்டு கடைக்கே வந்தார். கவுன்டரில் போனை வைத்தார்.

"மகள், இதுல நான் கத்துறதும் கேக்குது."

உண்மைதான். ஏதோ ஒரு பிள்ளை கமா போடாமல் விட்டதற்கு நீ ஏசுகிறாய். பின்னால் உம்மா சோறு ஆறுகிறது என்று கூப்பிடுகிறார். "பொறுங்க உம்மா, இந்தப் பிள்ள அழப் போறா" என்கிறாய். நான் அதைப் பல தடவை கேட்டிருக்கிறேன். பின்னால் வரும் குரலை ஒரு நாளும் கவனித்ததில்லை.

"இவ்வளவு ஏசுறாளே, பிள்ளைகள் கோவிக்கல்லயா?"

"இல்ல உம்மா. ஏசாட்டித்தான் பயந்தாங்க."

உம்மா போனை எடுத்துப் பைக்குள் வைத்தார். "ஆப்புல இரிக்கிறது நல்ல பிள்ள" என்றார். "கூப்பிட்ட ஒடன வருது, ஏசாது, கோவிக்காது. எங்கட பிள்ள அப்பிடி இல்லயே." பிறகு வாப்பாவிடம் திரும்பினார். "போய் நிப்பாட்டச் சொல்லுங்க."

வாப்பா போனார். சேர் எழும்பி நின்று மரியாதையாகத்தான் பேசியிருக்கிறார். ஆப்பை வெளியில் கொடுத்துச் செய்ததாம், உடனே முடியாதாம், பார்க்கலாமாம், கையெழுத்தும் இருக்கிறதாம். வாப்பா தலையைக் குனிந்துகொண்டு வந்தார்.

ஆகவே நீ இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறாய், ஷிபானா. பின் வாங்கில் இப்போது இருக்கிறவர்கள் அதைக் கொண்டு கண்டதையெல்லாம் சொல்லவைத்துச் சிரிக்கிறார்களாம். அந்த டை கட்டின தம்பிதான் வந்து சொன்னான். முகம் கறுத்திருந்தது. இடையில் ஒரு நாள் பிரின்ட்டுக்கு வந்தபோது நீ உண்மையிலேயே இருந்த ஒரு ஆள் என்று அவனிடம் சொல்லியிருந்தேன், அதற்குப் பிறகு அவனுக்குச் சிரிக்க முடியவில்லையாம். எவ்வளவு பெரிய உபகாரம்.

உனக்கு வாக்குத் தருகிறேன். என்னிடம் இருக்கிற உன் குரல் எவன் கையெழுத்துக்கும் போகாது. பிள்ளைகள் கேட்டால் என் குரலில் சொல்வேன், தெரியாவிட்டால் தெரியாது என்பேன். கோபம் வந்தால் எழும்பி வருகிறவள்தான் நான். இந்தத் தடவை எழும்ப மாட்டேன். நாளைக்குக் காலையில் சேரின் ஒபிசுக்கு வெளியே உம்மாவும் நானும் கதிரை போட்டு உட்காரப் போகிறோம். ருஸ்னா கலேவெலயிலிருந்து முதல் பஸ்ஸில் வருகிறாளாம். அந்த ஆப் வாயை மூடும்வரை அங்கேதான் இருப்போம்.

உன் உம்மா மகள் என்று கூப்பிடுகிற இன்னொருத்தி,
ஜெனிட்டா