பக்கத்து இருக்கையின் பிரேக்

பாப்பாவின் அப்பாவுக்கு,

நீங்கள் சொன்ன பழைய காரைப் பார்த்துவிட்டேன். உட்கார்ந்து எழுத மனம் நிலைகொள்ளவில்லை. அண்ணன் வீட்டுச் சமையலறையில் நின்றபடியே எழுதுகிறேன்.

துரு இல்லை, புகை இல்லை. "எஞ்சின் கல்லு மாதிரி இருக்குக்கா," என்றார் கூட வந்த மெக்கானிக். "நான் மெதுவாத்தாம்மா ஓட்டுவேன்," என்றார் விற்கிறவர். அவர் மனைவி வாசலில் நின்றார்.

ஓட்டுகிறவருக்குப் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தேன். காலடியில் கிடந்த ரப்பர் விரிப்பில் ஓர் ஓட்டை. இல்லாத பிரேக்கை யாரோ வருடக்கணக்கில் மிதித்திருக்கிறார்கள். என் வலது கால் தானாகப் போய் அதில் பொருந்தியது. நிமிர்ந்தால், அந்த அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சக்கரத்தைக் கழட்டிப் பிரேக்கைப் பாருங்க," என்றேன் மெக்கானிக்கிடம். டிஸ்க் தேய்ந்து தகடாகியிருந்தது.

அதை மாற்றிவிட்டால் நல்ல வண்டிதான், வாங்குங்கள். நம் பழைய கார் எப்படி நொறுங்கியது என்று இங்கே யாரிடமும் நான் சொல்லவில்லை. பாப்பாவின் கையில் போட்ட மாவுக்கட்டை அடுத்த வாரம் பிரிக்கிறார்கள்.

எங்களைக் கூட்டிப்போக வருகிறேன் என்கிறீர்கள். வாருங்கள். சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள். அந்த விரிப்பை மட்டும் மாற்ற வேண்டாம். உங்கள் காலுக்கும் பொருந்தும்.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா