சக்கில் வைத்த சந்தனம்

நவ. 6, வியாழன்

காலையிலிருந்து தூறல். துணி எதுவும் காயவில்லை.

மாடி அறையில் பெயிண்ட் வாசனை இன்னும் போகவில்லை. எனக்கென்று ஒரு அறை, இருபத்தாறு வயதில்! சன்னலைத் திறந்தால் பட்டாபிராம் ரயில் பாதை. ஒரே ஒரு நீளச் சுவர், முழுக்கக் காலி. அதில் என் புத்தகங்களுக்குப் பலகை அடிக்க வேண்டும். மரம் அறுத்து, வார்னிஷ் பூசி, எல்லாம் தயார். புத்தகங்கள் இன்னும் கீழ்வீட்டில், அட்டைப்பெட்டிகளில், ஈரத் தரையில்.

அம்மாவுக்கும் அதே சுவர் மேல்தான் கண். போன மழையில் தண்ணீர் பீரோவின் கால்வரை வந்துவிட்டது.

"ஞாயித்துக்கெழம உன் தம்பியோட கூட்டாளிங்க வராங்க. பீரோவ மேல ஏத்திடுவாங்க. அதுக்குள்ள பலகைய மாட்டிக்கினா உன் செவுரு. இல்லாங்காட்டி என் செவுரு."

நியாயம்தான். சரி என்றேன்.

டிரில்லை எடுத்தேன். மோட்டார் சுற்றுகிறது. துளை போடும் பிட்டைக் கவ்விப் பிடிக்கும் சக்குதான் கையால் திருகினால் அசையவே இல்லை. டார்ச் அடித்துப் பார்த்தால் மூன்று தாடைகளுக்கு நடுவே காய்ந்த சந்தனம், குங்குமம், சுற்றிலும் துரு. ஆயுத பூஜை! அன்று அம்மா எதையும் விடவில்லை. மிக்சி, இஸ்திரிப்பெட்டி, தம்பி தினேஷின் பைக், என் லேப்டாப், எல்லாவற்றுக்கும் பொட்டு. டிரில்லுக்கு நெற்றி எதுவென்று தேடியிருக்கிறாள். கிடைக்காமல் வாயிலேயே வைத்துவிட்டாள்.

"சாமிக்கு வெச்சத கொற சொல்லாதடி."

சொல்லவில்லை. சிரிப்புதான் அடங்கவில்லை.

நவ. 7, வெள்ளி

தேங்காய் எண்ணெய் வேலை செய்தது. ஊறவிட்டு, துணி சுற்றித் திருகியதும் முனகிக்கொண்டே திறந்தது. இரண்டு தாடைகள் சரி, மூன்றாவது பின்தங்கி நிற்கிறது. பிட்டை மாட்டிச் சுற்றவிட்டால் நுனி வட்டம் போடுகிறது. இதை வைத்துச் சுவரில் துளை போட்டால் கிணறு வெட்டியதாக முடியும். புது சக் வாங்க வேண்டியதுதான். பழையதன் பக்கவாட்டில் இருந்த அளவைப் போனில் படம் எடுத்துக்கொண்டேன்.

அம்பத்தூர் ஆபீஸ். நாள் முழுக்க எக்செல். திரும்பும்போது ஆவடியில் இறங்கி, மார்க்கெட் பக்கம் டூல்ஸ் கடை.

"இன்னாமா, ஊட்டுக்காரரு அனுப்ச்சாரா?"

"ஊட்டுக்காரரே இல்லண்ணா. டிரில்லு என்னுது."

"அப்டி போடு! நீயே மாட்டிடுவியா?"

"மாட்டிடுவேன்."

"மாட்டிட்டு வந்து சொல்லு. டீ நம்ப செலவு."

ரயிலில் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. கொய்யாப்பழம் அளவு புது இரும்பு. திருகினால் தாடைகள் சத்தமில்லாமல் மூடித் திறக்கின்றன. திரும்பத் திரும்பத் திருகினேன். எதிர் சீட்டில் பூக்கூடையோடு ஒரு அம்மா: "இன்னா பாப்பா அது, கொயந்தைக்கு வெளையாட்டு சாமானா?" எனக்குத்தான் என்றேன்.

நவ. 8, சனி

லீவு. மழை விட்டு விட்டு.

சக்கின் உள்ளே, ஆழத்தில் ஒரு திருகாணி. அதைக் கழற்றினால்தான் சக் வரும். இடப்பக்கம் திருகினேன். வரவில்லை. இன்னும் பலமாக. ம்ஹூம். உள்ளங்கை சிவந்ததுதான் மிச்சம். தினேஷ் அளக்கும் டேப்போடு வந்து நின்றான், துரோகி.

"உட்டுடுக்கா. பீரோவுக்கு எடம் அளந்துட்டேன்."

மதியம் சாம்பார், அப்பளம், கோபம். பாதிச் சாப்பாட்டில் ஒரு யோசனை. டிரில் இரண்டு பக்கமும் சுற்றும். ரிவர்ஸில் சுற்றும்போது சக் தானாகக் கழன்று விழ வேண்டுமே, ஏன் விழுவதில்லை? இந்தத் திருகாணி பிடித்துக்கொள்வதால். அப்படியானால் இதன் மரை எதிர்ப்பக்கமாக அல்லவா இருக்க வேண்டும்? சைக்கிளின் இடது பெடல் மாதிரி! காலை முழுக்க நான் அதைக் கழற்றவே இல்லை, இறுக்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

கை கழுவாமல் ஓடினேன். வலப்பக்கம் திருப்பினேன். கிர்ர்ர்.

வந்துவிட்டது!

பிறகு பேட்டரியைக் கழற்றி, வளைந்த கம்பி மாதிரியான பெரிய எல் கீயைச் சக்கில் மாட்டி, அதன் நுனியில் சப்பாத்திக் கட்டையால் ஓர் அடி. அசையவில்லை. இன்னோர் அடி. டங்!

கீழிருந்து அம்மா: "இன்னாடி ஒடையுது?"

"ஒடையலமா, கழலுது!"

புதியது வெண்ணெயாக ஏறியது. திருகாணியை இந்த முறை இடப்பக்கம் இறுக்கினேன். பிட்டைச் சுற்றவிட்டேன். நுனி அசையாமல் நிற்கிறது, சுற்றுகிறதா என்றே சந்தேகம். தினேஷ் டேப்பை என்னிடம் நீட்டினான்.

கட்டையைக் கழுவி வைத்தாயிற்று. பள்ளம் விழுந்திருந்தால் சப்பாத்தியில் தெரியும்.

நவ. 9, ஞாயிறு

வெயில்! தலையெல்லாம் செங்கல் தூள். மூன்று பலகைகளும் ஏறிவிட்டன, நூல் பிடித்த மாதிரி.

பீரோவைத் தூக்கி வந்த கூட்டாளிகளில் ஒருவன் படியிலேயே நின்றுவிட்டான். "இன்னா மாமே, செவுரு காலின்ன? இங்க லைப்ரரி கீது?" தினேஷ் என்னைக் காட்டினான். பீரோ கடைசியில் கதவோரம் நின்றது. கதவு இனி முக்கால்தான் திறக்கும். பரவாயில்லை, நான் ஒல்லி.

கவிதைகள் மேலே. கனமான நாவல்கள் கீழே. கண் மட்டத்தில், எத்தனை முறை படித்தாலும் தீராதவை. அட்டைப்பெட்டிகள் எறும்புகளுக்கு.

அம்மா பலகையைக் கையால் அழுத்திப் பார்த்தாள். தொங்கியும் பார்ப்பாள் போலிருந்தது. கீழே போனாள். சந்தனக் கிண்ணத்தோடு திரும்பி வந்தாள். எனக்கு உயிரே போயிற்று. டிரில்லைக் கையில் எடுத்து, இப்படியும் அப்படியும் திருப்பினாள்.

"எங்கடி வெக்கணும்?"

கேட்டாள்! பிடிக்குக் கீழே, பேட்டரியின் மேல் காட்டினேன். அங்கே அழகாக ஒரு பொட்டு.

அப்புறமும் போகவில்லை. டிரில்லைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"சமையக்கட்டுல, மிக்சிக்கு மேல, ஒரு பலக வேணும். நல்லா அகலமா. எப்ப வர்ற?"

பேட்டரியைச் சார்ஜில் போட்டிருக்கிறேன்.