மூன்றாவது ஸ்பீக்கர்

என்னங்க,

அடுத்த ரூம்ல இருந்துதான் எழுதுறேன். காது டாக்டர் சொன்னதுக்கப்புறம் உங்ககிட்ட கத்திப் பேச மனசு வரலை.

நீங்க விக்கச் சொன்ன ஸ்பீக்கரைப் பார்க்க ஒருத்தர் வந்தாரே, "இவ்வளவு விலைக்கு இது தகுமா?"ன்னு கேட்டார். போட்டுக் காட்டினேன். வயலின் வாசிக்கிறவர் மூச்சு இழுக்கிறதுகூடக் கேட்டுச்சு. எனக்கே உடம்பு சிலிர்த்துப் போச்சு. நீங்க ஜன்னல் பக்கம் பேப்பர் படிச்சிட்டிருந்தீங்க. தலை நிமிரவே இல்லை.

தகும்ங்க. முதல்ல வாங்கின செட்டும் நல்லாத்தான் இருந்திருக்கும். "பாட்டு மந்தமா இருக்கு, தெளிவே இல்லை"ன்னு அதைத் தூக்கிப் போட்டீங்க. அப்புறம் அதைவிட ஒசத்தி, அதையும்விட ஒசத்தி. பணத்தைக் கரியாக்குறீங்கன்னு நான் திட்டினேன். உங்க காதுதான் கொஞ்சம் கொஞ்சமா போயிட்டிருக்குன்னு ரெண்டு பேருக்கும் தோணலை.

உங்களைச் சொல்லிக் குத்தமில்லை. கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கிறீங்களே, வீம்பு பிடிக்கிறீங்கன்னு நினைச்சேன். உங்களுக்கே அவ்வளவு வீம்பு இருந்தா எனக்கு இருக்காதான்னு நானும் நாலு வருஷமா வாயை மூடிக்கிட்டேன்.

கொஞ்சமாவது உங்களுக்குக் காது கேட்ட அந்த நாலு வருஷமும் நான் பேசவே இல்லைங்க.

இப்படிக்கு,
உங்க வீட்டுக்காரி