பதினேழாம் எண், பூட்டிய வீடு

2025 பிப்ரவரி 19, புதன்

பாகூர் பக்கம் புறவழிச் சாலைக்காக இடிக்கப்போகும் தெருவில் கணக்கெடுப்பு முடிந்தது. இருபத்தாறு வீடுகள். யார் குடியிருக்கிறார்கள் என்று நான் எழுதிக் கொடுப்பதை வைத்துத்தான் மாற்று மனை.

பதினேழாம் எண் ஜொஹரா மாமி வீடு. போன மாதம் ஆபித் மாமா மவுத்தானதிலிருந்து மாமி இத்தாவில் இருக்கிறார். புருஷன் இறந்த நான்கு மாதம் பத்து நாள் வெளி ஆண்கள் முன்னால் வரமாட்டார். கதவு சாத்தியிருந்தது. என்னோடு அளவெடுக்க வந்த இருவரும் ஆண்கள். தட்டவில்லை. 'பூட்டிய வீடு, ஆள் இல்லை' என்று எழுதினேன். நாளைக்கு ஜெஸிமாவை அனுப்பி விவரம் கேட்டுத் திருத்திவிடலாம். மனைவி போனால் மாமி தாராளமாகப் பேசுவார்.

பிப்ரவரி 28

படிவங்கள் மேலே போய்விட்டன. ஜெஸிமாவிடம் சொல்லவே மறந்துபோனேன்.

மறந்தேனா? அன்று நல்ல வெயில். இன்னும் ஒன்பது வீடு பாக்கி, பசி வேறு. ஒன்று குறைந்தது என்றுதான் நினைத்தேன். மரியாதைக்காகத் தட்டவில்லை என்பதெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொள்வது.

மார்ச் 17

பட்டியலைத் தெருமுனையில் ஒட்டிவிட்டார்கள். மாமியின் பக்கத்து வீட்டுக் கனகாம்பாள் போன் செய்தார்.

"பதினேழுல ஆளே இல்லைன்னு போட்டுக்குது ரஷீது. நீ ஒழுங்காத்தான் எழுதியிருப்ப. ஆபீஸ்ல எவனோ மாத்தி அடிச்சிட்டான் போல."

ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல?

ஆட்சேபனை மனுவுக்கு ஏப்ரல் 15 கடைசி நாள். இத்தா முடியாமல் மாமி வெளியே வரமாட்டார். மனுவில் கையெழுத்துப் போட்டு என்னிடம் கொடுத்தனுப்புவாராம். நான் அங்கேயே வேலை பார்ப்பதால் கவலையில்லையாம்.

மார்ச் 25

மனு வந்துவிட்டது. உள்ளே கொண்டுபோகும் நேரம் பார்த்து மேற்பார்வையாளர் தமிழ்க்குமரன் எங்கள் எல்லோரையும் கூப்பிட்டார். மனு வந்தால், கணக்கெடுத்தவனைத்தான் முதலில் விசாரிப்பார்களாம். போகாமலே எழுதினவனுக்கு அடுத்த ஒப்பந்தம் கிடையாதாம்.

மனு என் பையிலேயே இருக்கிறது. நோன்பு வைத்துக்கொண்டு இதையும் சுமக்கிறேன்.

ஏப்ரல் 15

கொடுக்கவில்லை.

ஏப்ரல் 16

கனகாம்பாள் கேட்டார். கொடுத்துவிட்டேன் என்று சொல்லிவிட்டேன். எவ்வளவு சுலபமாக வாயில் வந்தது! சீ, நானெல்லாம் ஒரு மனுசனா?

ஜூன் 2

இத்தா முடிந்து மாமி நேரே அலுவலகத்துக்கே வந்துவிட்டார். உள்ளே விடாமல் வாசலிலேயே நிறுத்தி, மனுவைத் தள்ளிவிட்டார்கள் என்றேன்.

"உன்னால ஆனத நீ செஞ்ச. போதும்பா."

கடைக்குக் கூட்டிப்போய் டீ வாங்கிக் கொடுத்தேன். எனக்கு ஒப்பந்தம் ஒரு வருடம் நீட்டித்த கடிதம் சட்டைப்பையில் இருந்தது. ஜெஸிமாவுக்கு எதுவும் தெரியாது.

நவம்பர் 8, சனி

இன்று தெருவைக் காலி செய்தார்கள். இருபத்தைந்து குடும்பத்துக்கும் மனை கிடைத்துவிட்டது. மாமி சுல்தான்பேட்டையில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்குப் போகிறார். அங்கே ஏற்கெனவே ஆறு பேர்.

சாமான் ஏற்றிவிடப் போனேன். பாத்திரக் கூடையை ஆட்டோவில் வைத்துவிட்டுத் துணி மூட்டையைத் தூக்கினேன். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. எழுதினது நான்தான், மனுவைக் கொடுக்கவே இல்லை, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம்.

"அன்னிக்கு உள்ளதாம்பா இருந்தேன். நீ வெளிய பேசினு இருந்தது கேட்டுச்சு. மாமின்னு நீ ஒரு கொரல் குடுப்பன்னு பாத்துனு இருந்தேன்."

என் கையிலிருந்த மூட்டையை வாங்கிக்கொண்டார். பிறகு நான் வைத்த பாத்திரக் கூடையையும் ஆட்டோவிலிருந்து கீழே இறக்கி, கனகாம்பாளைக் கூப்பிட்டு ஏற்றச் சொன்னார்.