முதலில் போகிறவனுக்கு மன்னிப்பு

தூத்துக்குடி
18 மே 2025

வடிவுக்கு,

அண்ணன் தாணுலிங்கம் எழுதுவது. உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் மதினி பேச்சிச்செல்வியும் சௌகரியம். கோபம் மட்டும் இருக்கிறது. போனில் உன்னிடம் கோபப்பட முடிவதில்லை, இரண்டு வார்த்தைக்குள் நீ வக்கீலாகிவிடுகிறாய். அதனால் கையால் எழுதி ஜெராக்ஸ் கடை ஜாயிடம் கொடுத்திருக்கிறேன். அவள் படம் பிடித்து அனுப்புவாள். நீயும் கையாலேயே எழுது.

அந்த ஜாய்தான் உன் பேச்சைப் போட்டுக் காட்டினாள். லண்டனில் ஏதோ மண்டபம். வியாபாரிகள் கூட்டுச் சேர்ந்து விலை வைப்பதைப் பற்றி விளக்குகிறாய். "எங்கள் ஊர்த் தோணிக்காரர்களிடம் ஒரு பலகை உண்டு. முறை வராமல் யாரும் சரக்கு ஏற்றமாட்டார்கள், யாரும் கூலியைக் குறைக்கமாட்டார்கள். உலகத்திலேயே அழகான கார்ட்டல் அதுதான்" என்கிறாய். சபை சிரிக்கிறது. நீயும் சிரிக்கிறாய். உன் இங்கிலீஷ் எனக்கு எட்டாது என்று நினைத்திருப்பாய். சுங்கக் காகிதங்களைப் படித்தே இங்கிலீஷ் கற்றவன் நான்.

அந்தப் பலகை ஏன் வந்தது என்று சபைக்குச் சொன்னாயா? ஒரு பெரிய முதலாளி கூலியைக் குறைத்துக் குறைத்து எல்லாச் சரக்கையும் தானே ஏற்றினார். சின்னத் தோணிகள் கரையில் சாய்ந்து கிடந்தன. அதற்குப் பிறகுதான் சங்கம் கூடி, சுவரில் பலகை அடித்து, ஒவ்வொரு தோணி பேரையும் தகரத்தில் எழுதி மாட்டினோம். மாலத்தீவுக்கு ஒரு நடை போய்வந்தால் உன் தகரம் கடைசிக்குப் போகும். புருஷன் செத்த ஜெயபாய் அக்காளின் தோணிக்கும் அதனால்தான் சரக்கு கிடைத்தது.

இப்போது டெல்லியிலிருந்து போட்டி ஆணையம், வியாபாரிகள் கூட்டுச் சேர்வதை விசாரிக்கிற ஆபீஸ், எங்கள் எல்லோருக்கும் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறது. வெங்காய வியாபாரி ஜேசுபாதம் புகார் கொடுத்திருக்கிறான். உன்னிடம் உதவி கேட்கவில்லை. தகவல் சொல்கிறேன், அவ்வளவுதான்.

சீசன் முடிந்து தோணி ஓட்டம் நின்றுவிட்டது, இனி செப்டம்பரில்தான். பழைய துறைமுகத்தில் தோணிகள் அப்படியே நிற்கின்றன. வெயிலில் தண்ணீர் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. தோணிகள் நடுவில் தொங்குகிற மாதிரி இருக்கிறது.

தாணுலிங்கம்


லண்டன்
27 மே 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

மூன்று வருடத்துக்குப் பிறகு உங்கள் கையெழுத்து. என் பெயரின் முதல் எழுத்துக்கு நீங்கள் வைக்கும் பெரிய வயிற்றைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். வெளியே மழை. உதவியாளர் இரண்டு தடவை கதவைத் தட்டியிருக்கிறார், எனக்குக் கேட்கவில்லை.

சபை சிரித்தது உண்மை. நான் 'அழகான' என்று சொன்னதும் உண்மை. அந்தச் சொல்லை அவர்களும் கேட்கவில்லை, நீங்களும் கேட்கவில்லை. ஆனாலும் உங்கள் பலகையை வைத்து நான் கைத்தட்டு வாங்கியிருக்க வேண்டாம்.

இனி சொல்வதைப் பொறுமையாகப் படியுங்கள். பலகை நியாயமாகவே இருக்கட்டும். ஒரே தொழில் செய்கிறவர்கள் கூடிக் கூலியை முடிவுசெய்து, சரக்கைப் பங்கு போட்டுக்கொண்டால் சட்டம் முதலில் அதைக் குற்றம் என்றே எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்டுவது உங்கள் பொறுப்பு. அபராதத்தில் தோணியே போய்விடலாம்.

தப்பிக்க ஒரு வழி இருக்கிறது. கூட்டில் இருந்தவர்களில் யார் முதலில் போய் முழு உண்மையையும் ஒப்புக்கொள்கிறாரோ, அவருக்கு அபராதம் முழுவதும் தள்ளுபடியாகலாம். அடுத்து வருகிறவருக்குப் பாதி. அதற்கடுத்தவருக்கு இன்னும் குறைவு. கடைசியில் வருகிறவரிடம் புதிதாகச் சொல்ல எதுவும் மிச்சமிருக்காது, அதனால் அவருக்குக் கிடைக்கவும் எதுவும் மிச்சமிருக்காது. யாரிடமும் சொல்லாமல் நாளைக்கே டெல்லி போங்கள். அங்கே எனக்கு ஒரு வக்கீல் சிநேகிதி இருக்கிறாள், விலாசத்தைத் தனியாக அனுப்புகிறேன். இந்தியாவில் வாதாட எனக்கு உரிமை இல்லை. இதை வக்கீலாக எழுதவில்லை, தங்கையாக எழுதுகிறேன்.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள். முறைத் தோணிக்காகக் காத்திருந்து அழுகிய வெங்காயம் யாருடையது? ஜேசுபாதம் யாரிடம் போய்ச் சொல்வார்?

மதினிக்கு என் அன்பு.

வடிவு


தூத்துக்குடி
9 ஜூன் 2025

வடிவுக்கு,

வெங்காயம் அழுகியது உண்மை. அழுகாவிட்டால் அவன் ஏன் டெல்லி போகிறான்? அதற்காகப் பலகையே தப்பு என்றால் என்ன பேச்சு.

நீ சொன்ன வழியை மதினியிடம் மட்டும் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டே, "காட்டிக்குடுத்தவனுக்குத் தள்ளுபடியாக்கும். நல்லாருக்கு ஒங்க தங்கச்சி படிச்ச படிப்பு" என்றாள். எனக்கும் அதுதான் தோன்றியது. சங்கத்துக்கு நான் செயலாளர். பலகையில் ஆணி அடித்தவனே நான். நான் போய், இவர்கள் எல்லாம் கூட்டுக் களவாணிகள் என்று எழுதிக் கொடுக்கவா?

ஹென்றி வேண்டுமானால் போவான். அவன் தோணி புதிது, வேகமாக ஓடும். பலகையை அவனுக்கு ஆகாது. போன வாரம் டீக்கடையில் எல்லோர் முன்னாலும் ஆரம்பித்தான்.

"அண்ணாச்சி, ஒங்க கட்டை ஆடி ஆடி மாலத்தீவு போறதுக்குள்ள நான் ரெண்டு நடை அடிச்சிருவேன். ஒங்க பின்னால நான் எதுக்குக் காத்துக் கெடக்கணும்?"

"ஏலே, ஒங்கப்பன் தோணி கரையில சாஞ்சு கெடந்தப்ப அந்தப் பலகைதாம்லே ஒனக்குக் கஞ்சி ஊத்துச்சு."

"அந்தக் கஞ்சியத்தான் இன்னும் எத்தனை வருசம் சொல்லிக் காட்டுவீய?"

டீ ஆறிப்போனதுதான் மிச்சம்.

அன்று மத்தியானம் ஒரு கனவு. நம் தோணிகள் எல்லாம் பாய் விரித்து லண்டன் ஆற்றில் வரிசையாக வருகின்றன. சத்தமே இல்லை. கரையில் உன் கோர்ட். நீதிபதிகள் வெள்ளை முடி வைத்து வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். கிட்டே போனால் ஆட்கள் இல்லை, உப்புக் குவியல்கள். நீ மட்டும் அவற்றுக்கு நடுவில் நின்று ஏதோ வாசிக்கிறாய். மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கிறது, ஒரு சொல் கூட எனக்குக் கேட்கவில்லை. எழுந்தபோது வாயெல்லாம் கரிப்பு.

நான் போகமாட்டேன். இதைப் பற்றி இனி எழுதாதே.

தாணுலிங்கம்


லண்டன்
17 ஜூன் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

எழுதாதே என்றால் எழுதத்தான் தோன்றுகிறது. ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள்தானே நாம்.

இங்கே எங்களுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. என் துறை வழக்கு வந்து, எனக்கு நேரமும் இருந்தால், ஆளைப் பிடிக்கவில்லை என்று மறுக்கக் கூடாது. ஆட்டோ ஸ்டாண்டில் முதலில் நிற்கிற வண்டி, வருகிற ஆளை ஏற்றிக்கொள்கிற மாதிரி. இந்த மாதம் என் வண்டியில் ஏறியிருப்பவர், மற்ற கம்பெனிகளோடு கூடி விலை வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புக்கொண்ட ஒரு முதலாளி. மதினி சொன்ன அதே 'காட்டிக்குடுத்தவன்'தான். பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறேன். அவர் நண்பர்கள் யாரும் அவரிடம் பேசுவதில்லை. கோர்ட் இடைவேளையில் ஜன்னல் பக்கம் நின்று ஆற்றையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அது சுகமான இடம் என்று நான் சொல்லவே இல்லை, அண்ணன். அங்கே அபராதம் இல்லை என்றுதான் சொன்னேன்.

ஹென்றி போவான் என்று நீங்களே எழுதுகிறீர்கள். அவன் இன்று போனால் நாளை உங்களுக்கு அந்த இடம் இல்லை. தோணி போனபிறகு நீங்களும் மதினியும் என்ன செய்வீர்கள்? நான் பணம் அனுப்பினால் திருப்பி அனுப்புவீர்கள். எனக்குத் தெரியாதா?

ஜூலையில் டெல்லிக்கு வருகிறேன். பேச உரிமை இல்லாவிட்டாலும் உங்கள் பக்கத்தில் உட்கார உரிமை இருக்கிறது. வாருங்கள் அண்ணன்.

வடிவு


தூத்துக்குடி
6 ஜூலை 2025

வடிவுக்கு,

நீ டெல்லி வரவேண்டாம். காரியம் முடிந்துவிட்டது.

போன வெள்ளிக்கிழமை சங்கத்தைக் கூட்டினேன். உன் இரண்டு கடிதங்களையும் முழுக்க வாசித்தேன். எனக்கு மட்டும் ஒரு வழி தெரிந்து, மற்றவர்களுக்குத் தெரியாமல் இருப்பது எனக்குத் தூக்கம் கெடுக்கிற விஷயம். மதினி பற்றி எழுதியதையும் விடாமல் வாசித்தேன்.

வாசித்து முடித்ததும் ஒரே கூச்சல். யார் முதலில் போவது? எனக்கு மகள் கல்யாணம் இருக்கிறது என்கிறான் ஒருவன், எனக்குப் பாங்குக் கடன் என்கிறான் இன்னொருவன். ஜெயபாய் அக்காளை அனுப்பலாம் என்றார்கள். அவள் எழுந்து, "எனக்கு எரக்கம் காட்டுறதா இருந்தா நான் எறங்கிப் போறேன். எல்லாருக்கும் உள்ளது எனக்கும் இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

அப்போது தோணி ஓட்டுகிற தண்டல் மாசானம் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து சொன்னார்: "எதுக்குடே இம்புட்டுச் சண்டை? சரக்குக்கு எப்படிப் போனோம்? பலகையப் பாருங்க."

எல்லோரும் சுவரைப் பார்த்தோம். முதல் தகரம் ஹென்றியுடையது. சீசனில் கடைசி நடை போனவன் நான், அதனால் என் தகரம் அடியில்.

ஹென்றிக்கு முகம் வெளுத்துவிட்டது. "நான் போயி ஒங்களையெல்லாம் காட்டிக்குடுக்கணுமா? நாளைக்குக் கோயில்ல எவன் முகத்துல முழிப்பேன்?"

"முறைய மறுக்கக் கூடாதுலே" என்றேன்.

"பலகையே வேண்டாம்னு கத்துனவன் நான். என்னையப் போயி..."

"அதனாலதாம்லே நீ சொன்னா நம்புவாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. பிறகு தனியாக வந்து, "அண்ணாச்சி, நான் ரெண்டாவதா போறேன், நீங்க மொதல்ல போங்க" என்றான். டீக்கடையில் அவனை அத்தனை பேசினேனே, அவனா இப்படிக் கேட்கிறான் என்று எனக்கு என்னவோ போல ஆகிவிட்டது. ஆனாலும் சம்மதிக்கவில்லை. முறை முறைதான்.

நாளை மறுநாள் ஹென்றி ரயில் ஏறுகிறான். உன் சிநேகித வக்கீலின் விலாசத்தைக் கொடுத்திருக்கிறேன்.

தாணுலிங்கம்


லண்டன்
11 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரித்தேன். பிறகு எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்து மறுபடி படித்தேன்.

யார் முதலில் ஒப்புக்கொள்வது என்று எல்லோரும் கூடி முறை வைத்துக்கொண்டீர்களே, அதுவும் ஒரு கூட்டுதான். இந்தத் தொழிலில் இத்தனை வருடம் இருக்கிறேன், இப்படி ஒன்றைக் கேள்விப்பட்டதே இல்லை. நல்லவேளை, ஹென்றி அதையும் மறைக்காமல் சொல்லிவிட்டாராம். என் டெல்லி வக்கீல் சிநேகிதி எழுதியிருந்தாள்.

எதையும் மறைக்கக் கூடாது என்பதால் சங்கத்தில் நீங்கள் வாசித்த என் கடிதங்களின் நகலையும் அவர் கொடுத்திருக்கிறார். அது சரிதான், அவர் மேல் கோபம் இல்லை. ஆனால் அவை இப்போது ஆணையத்தின் கோப்பில் இருக்கின்றன. எனக்கு உரிமை இல்லாத நாட்டில் நான் சட்ட ஆலோசனை சொன்னேனா என்று ஒரு கேள்வி வரும். அது வருவதற்கு முன் நானே போய் எங்கள் தொழிலை மேற்பார்ப்பவர்களிடம் சொல்லிவிட்டேன். விசாரிக்கிறார்கள். அடுத்தவர்கள் விதியை மீறினார்களா இல்லையா என்று வாதாடியே சாப்பிட்டவள் நான். இப்போது மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன்.

தங்கையாக எழுதினேன் என்று சொன்னேன். எல்லா வக்கீலும் அப்படித்தான் சொல்வார்கள் என்றார் ஒருவர், மரியாதையாகத்தான்.

இது முடியும்வரை உங்களுக்கு எழுத வேண்டாம் என்று மூத்தவர்கள் சொல்கிறார்கள். வழக்கைப் பற்றி மட்டுமல்ல, எதைப் பற்றியும். அதனால் இதுதான் இப்போதைக்குக் கடைசி. உங்கள் மேல் வருத்தமில்லை. வாசித்திருக்க வேண்டாம் என்று மட்டும் தோன்றுகிறது. பிறகு, வாசிக்காமல் இருந்திருந்தால் அது நீங்களா என்றும் தோன்றுகிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வடிவு


தூத்துக்குடி
21 செப்டம்பர் 2025

வடிவுக்கு,

நீ பதில் எழுதக் கூடாது. நான் எழுதக் கூடாது என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை.

சீசன் தொடங்கிவிட்டது. பலகையை ஆணையத்து ஆட்கள் சாட்சிப் பொருளாக எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். முதல் நாள் ஜேசுபாதம் வெங்காய லாரியோடு வந்து துறையில் நின்றான். எல்லோரும் அவரவர் தோணியில் நின்று அவனைப் பார்த்தோம். யாரைக் கேட்பது என்று அவனுக்குத் தெரியவில்லை, எப்படிச் சொல்வது என்று எங்களுக்குத் தெரியவில்லை. கடைசியில் ஹென்றி ஒரு கூலி சொன்னான். மூட்டைகள் ஏறின. அவன் தோணி வெளியே போகும்போது காலை மூட்டம் இன்னும் விலகவில்லை. பாய் மட்டும் கொஞ்ச நேரம் தெரிந்தது, பிறகு அதுவும் இல்லை. எனக்கு இன்னும் சரக்கு வரவில்லை. நான் செய்தது தப்பு என்று இன்னும் தோன்றவும் இல்லை.

டெல்லிக்கு நானும் போய்வந்தேன். கடைசி ஆளாகத்தான் கூப்பிட்டார்கள். ஒரு பெரிய அறை, குளிர். ரயிலில் தூங்காததால் எல்லாமே தண்ணீருக்கு அடியில் நடக்கிற மாதிரி இருந்தது. அதிகாரி சின்ன வயது. அவர் கேட்பதைத் தமிழில் சொல்ல ஒரு பெண் இருந்தாள். என்னிடம் புதிதாக ஒன்றும் இல்லை. மற்றவர்கள் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார்கள். எனக்குத் தள்ளுபடி கிடைக்காது என்று அவர்கள் முகத்திலேயே தெரிந்தது. தோணி போனாலும் போகும். மதினிக்கும் சொல்லிவிட்டேன். "போனாப் போகட்டும், வீட்டுல ஒரு நேரமாச்சும் சூடாச் சாப்பிடுவீய" என்றாள்.

கடைசியில் அந்த அதிகாரி உன் கடிதங்களின் நகலை எடுத்து வைத்தார்.

"இந்த வடிவு உங்க வக்கீலா?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"இல்லம்மா, எந்தங்கச்சி."

"லண்டன்ல பெரிய வக்கீல்னு போட்டிருக்கு. யாருக்கும் தெரியாம, முதல் ஆளா போங்கன்னு எழுதியிருக்காங்க. நீங்க எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டிட்டு, கடைசி ஆளா வந்திருக்கீங்க. ஏன் அவங்க சொன்னதைக் கேட்கலை?"

"வக்கீலு சொல்லியிருந்தா கேட்டிருப்பேம்மா. தங்கச்சி சொல்லி எந்த அண்ணன் கேட்டிருக்கான்?"

அவள் உடனே இங்கிலீஷில் சொல்லவில்லை. குனிந்து மேஜையைப் பார்த்துக்கொண்டு கொஞ்சம் சிரித்தாள். பிறகுதான் சொன்னாள். அதிகாரி ஒரு வார்த்தை கூட விடாமல் அதை எழுதிக்கொண்டு, படித்துக் காட்டி, என்னிடம் கையெழுத்து வாங்கினார். அந்த வாக்குமூலத்துக்கு நகல் வேண்டும் என்று மனு எழுதிக் கொடுத்து, சாயங்காலம் வரை அங்கேயே உட்கார்ந்து வாங்கிக்கொண்டுதான் எழுந்தேன்.

ஜாய் இந்தக் கடிதத்தோடு அந்தத் தாளையும் படம் பிடித்து அனுப்புகிறாள். முத்திரை தெளிவாக விழுந்திருக்கிறது. உன்னை விசாரிக்கிறவர்களிடம் கொடு. நீ தங்கையாகத்தான் எழுதினாய் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும் அவர்களுக்கு?

நீ சொன்னதைக் கேட்காத அண்ணன்,
தாணுலிங்கம்