தேவிக்கு வேதியியல்

அம்மா, என் நல்ல அம்மா,

இல்லை, தேவியின் படிவத்தில் ‘தையல்’ என்று எழுதியது டீச்சர் இல்லை. நான்தான். நீ கடைசிவரை பள்ளிக்கூடத்தைத்தான் திட்டிக்கொண்டிருந்தாய். நான் சும்மா இருந்தேன். எழுத்துக்கூட்டிப் படிக்கும் உனக்கு என் கையெழுத்து பிடிபடாது என்று நினைத்தேன். பிடிபட்டிருந்ததோ?

ஐந்து வயதுக் காய்ச்சலில் காது போன தங்கை. பத்தாவது தேறியிருந்தாள். புதிதாக வந்த ப்ளஸ் டூவில் அவளுக்கு எந்தப் பிரிவு என்று, சென்னையில் எம்.ஏ. படிக்கும் நானே தீர்மானித்தேன். அவளைக் கேட்கவில்லை. கேட்க வேண்டுமானால் எதிரே உட்கார்ந்து, உதடு தெரிய, நிதானமாகப் பேச வேண்டும். எனக்குப் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரம்.

கையெழுத்துப் போட ஆம்பூர் ஷூ கம்பெனியில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்தாய். விரலில் பசை காய்ந்திருந்தது. படிவத்தை வாங்கி மெல்லப் படித்தாய்.

“இவள ஒரு வார்த்த கேட்டாங்களாடி?”

நான் சுவரைப் பார்த்தேன்.

பள்ளிக்கூட வராந்தாவிலேயே தேவியின் முன்னால் குந்தினாய். மெஷின் ஓடும்போது தோழிகளிடம் பேசுவதுபோலக் குரலே இல்லாமல் கேட்டாய். தேவிக்கு முகம் மலர்ந்தது. குழாயில் ஊற்றினால் நிறம் மாறுமே, அந்தப் பாடம் என்று கையாலும் பாதிச் சொற்களாலும் சொன்னாள். அதற்குப் பெயர் என்ன என்று என்னிடம் கேட்டாய். வேதியியல் என்றேன். இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டு பெரிய டீச்சரின் அறைக்குள் போனாய்.

பெரிய டீச்சர் கெட்டவர் இல்லை. பாடம் காதில் விழாதே, தையல் என்றால் கையில் ஒரு தொழில் இருக்குமே என்றார். படிவத்தில் எழுதும்போது நானும் எனக்குச் சொல்லிக்கொண்ட வாதம் அது.

“எங்க ஷெட்டுல மெஷின் ஓடுனா யாருக்குமே காது கேக்காது டீச்சர். மூஞ்சியப் பாத்துதான் பேசிக்கிறோம். வேலை நடக்கல?” என்றாய். பிறகு குரலைத் தாழ்த்தி, “தையல நானே சொல்லிக் குடுத்துருவேன். எனக்குத் தெரியாதத நீங்க சொல்லிக் குடுங்க.”

நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இவ்வளவு சுருக்கமான நியாயம் இல்லை.

அவர் வேறு படிவம் எடுத்தார். அரையாண்டில் தேறாவிட்டால் தையலுக்கு மாற்றிவிடுவேன் என்றார். நீ தலையாட்டினாய். டீச்சர் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே பேசக்கூடாது என்று நீயும் ஒரு நிபந்தனை வைத்தாய். இந்தத் துணிச்சலெல்லாம் எங்கே கற்றாய்?

அரையாண்டில் தேறினாள். அதை நீ பார்த்தாய். பொதுப் பரீட்சைக்குத்தான் நீ உயிரோடு இல்லை.

நேற்று ரிசல்ட். வேதியியலில் நல்ல மார்க். இங்கிலீஷ் போய்விட்டது. மறுபடி எழுதித் தேறினால்தான் காலேஜ். அங்கேயும் அதே பாடம்தான் வேண்டுமாம். இந்த முறை கேட்டேன் அம்மா.

இனி அவளைக் கேட்காமல் அவளுக்காக எதையும் தீர்மானிக்க மாட்டேன். இது உனக்குத் தரும் வாக்கு.

இன்று காலை அவள் எதிரே உட்கார்ந்து, தையல் என்று எழுதியது நான்தான் என்று சொன்னேன். புரியாதவள்போல இன்னொரு முறை சொல்லச் சொன்னாள். சொன்னேன். எழுந்து போனாள். இங்கிலீஷ் புத்தகத்தோடு திரும்பி வந்து, என் எதிரே உட்கார்ந்து, முதல் பக்கத்தைத் திறந்து என் பக்கம் நகர்த்தினாள்.

உன் பெரிய பெண்,
தேவியின் அக்கா