பள்ளிக்கூடத்தை ஒட்டிய மேடு

வெட்டாற்றங்குடி
14.9.1971

அருமை மருமகள் அம்சத்துக்குத் தாய்மாமன் இராஜாங்கம் ஆசி கூறி எழுதிக்கொண்டது. இங்கே நானும் மாடும் சுகம். அங்கே நீயும் பேரன் இளவழகனும் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிச் சோற்றில் இளைத்துவிடாமல் இருக்க வேண்டும்.

மூன்றாம் வகுப்போடு நின்றவன் எழுதும் கடுதாசியைப் பார்த்துப் போஸ்ட்மாஸ்டரே அசந்துபோகிறார். அது கிடக்கட்டும். பையனுக்கு ஒன்றுமில்லை. அடிக்கடி விழுகிறான், அவ்வளவுதானே. ஏழு வயதில் அப்படியொரு கெண்டைக்கால் யாருக்கு இருக்கிறது? சடுகுடுக்காரன் கால். நம் வம்சத்துக் கால். டாக்டர்கள் அவனை அனுப்பாமல் வைத்திருப்பது, படிக்க வந்த பையன்களுக்குக் காட்டத்தான் என்று எனக்குச் சந்தேகம்.

இன்னொரு சந்தேகம் இதைவிடப் பெரிசு. பண்ணை ஏஜெண்டு குஞ்சிதபாதம் நேற்றுக் குடையோடு நம் தெருவுக்கே வந்தார். பூட்டிக் கிடக்கும் உன் குடிசையைப் பார்த்தார். வாய்க்கால்மேல் கிடக்கும் பனைமரப் பாலத்தைப் பார்த்தார். பிறகு என்னிடம், "பையனுக்குக் கெண்டைக்கால் கல்லு மாதிரி இருக்கா? எந்திரிக்கும்போது தொடையில கையை ஊணி ஊணி எந்திரிக்கிறானா?" என்றார். பண்ணைக்காரருக்கு நம் பிள்ளை தொடையில் என்ன வேலை? பள்ளிக்கூடத்தை ஒட்டி ரோட்டோரம் பண்ணையின் மேடு சும்மா கிடக்கிறதாம். உன் குடிசையைப் பிரித்து அங்கே கட்டிக்கொள்ளலாமாம்.

சூது தெரிகிறதா? குடியிருக்கிறவனுக்கே மனை சொந்தம் என்று சர்க்கார் சட்டம் போட்டாயிற்று. தாசில்தார் அளக்க வரப்போகிறார். அதற்குள் நீ இடம் மாறினால் இங்கேயும் பட்டா இல்லை, அங்கேயும் இல்லை. நான் கொடுத்த பதிலில் அவர் குடை நடுங்கிற்று.

உன் மாமன்,
வெ. இராஜாங்கம்
(விவசாயத் தொழிலாளர் சங்க முக்கியஸ்தர்)


தஞ்சாவூர்
20.9.1971

அன்புள்ள மாமாவுக்கு அம்சம் வணக்கத்துடன் எழுதுவது.

டாக்டர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். யாரிடமும் கூட்டிச் சொல்லாதீர்கள். இது பிறவியிலேயே வந்த சதை நோயாம். ஆயிரத்தில் ஒரு பிள்ளைக்குக்கூட வராதாம். தாய் ரத்தத்தின் வழியாக ஆண்பிள்ளைக்கு இறங்குமாம். சதை கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டே போகும். நீங்கள் பெருமைப்படும் கெண்டைக்கால் பலம் இல்லை மாமா, அதுதான் நோய். மருந்து கிடையாது. இன்னும் சில வருஷத்தில் நடை நின்றுவிடும்.

அழ வேண்டியதை அழுதுவிட்டேன். வார்டுச் சுவரில் ஒட்டியிருப்பதையெல்லாம் எழுத்துக்கூட்டிப் படிக்கிறான். அவன் படிப்பு நிற்கக் கூடாது. எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். பனைமரப் பாலத்தை இனி அவனால் கடக்க முடியாது. இன்றைக்கு இடுப்பில் தூக்கிப் போவேன், பத்து வயதில் எப்படித் தூக்குவேன்? அவன் அப்பாவோ கோடியக்கரை உப்பளத்தில் கிடக்கிறார். அந்த மேடு எனக்கு வேண்டும் மாமா. ஏஜெண்டு ஐயாவிடம் சரி என்று சொல்லிவிடுங்கள்.

அம்சம்


வெட்டாற்றங்குடி
27.9.1971

மருமகளுக்கு,

உன் கடுதாசியைப் படித்துச் சிரித்தேன், பிறகு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டேன். தாய் ரத்தமாம்! உன் தாய் என் அக்காள். என் தாத்தா கரைபுரண்ட வெட்டாற்றில் எருமையைத் தோளில் போட்டு நீந்தியவர். அந்த ரத்தத்திலா நோய்? டாக்டருக்குச் சொந்த ஊர் எது என்று விசாரி. மன்னார்குடிப் பக்கம் என்றால் சந்தேகமே வேண்டாம், பண்ணையாருக்குச் சம்பந்தி வீடு அங்கேதான்.

ஏஜெண்டு சூழ்ச்சியை நேற்றுச் சங்கக் கூட்டத்தில் போட்டு உடைத்தேன். ஐநூறு பேர் கைதட்டினார்கள். எனக்கே மூன்று வேலி நிலம் தருவதாக அவர் கெஞ்சினார் என்றும், நான் காறித் துப்பினேன் என்றும் சொன்னேன். பேச்சு பண்ணையார் காதுக்குப் போய், ஏஜெண்டைக் கூப்பிட்டு விட்டிருக்கிறார். உன் மனையை இனி எவனும் தொட முடியாது.

மாமன்


தஞ்சாவூர்
2.10.1971

மாமாவுக்கு,

எனக்காக இனி நீங்கள் பேச வேண்டாம். வெள்ளிக்கிழமை வருகிறேன். குடிசையை நானே பிரித்துக்கொள்கிறேன். பட்டா போனால் போகட்டும்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். தொடையில் கையூன்றி எழுவதைப் பார்த்துத்தான் பெரிய டாக்டரே நோயைக் கண்டுபிடித்தார். இளவழகனைக் கிட்டத்தில் பார்த்தே இராத ஏஜெண்டு ஐயாவுக்கு அது எப்படித் தெரியும்? எல்லாவற்றையும் சந்தேகப்பட்டீர்கள். இதைக் கேட்கத் தோன்றவில்லையா?

அம்சம்


வெட்டாற்றங்குடி
6.10.1971

அம்சத்துக்கு,

நீ கேட்டதை அவரையே கேட்டு மடக்கலாம் என்றுதான் ஏஜெண்டு வீட்டுக்குப் போனேன். மாட்டிக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் என்னைப் பக்கத்துச் சந்து வழியாகக் கொல்லைக்கு அழைத்துப் போனார். அங்கே கயிற்றுக் கட்டிலில் அவர் தங்கை மகன் கிடக்கிறான். மீசை அரும்புகிற வயது. ஈயை விரட்டக் கை எழவில்லை. அவனுக்கு மூத்தவன் ஒருத்தன் இதே நோயில் போய்விட்டானாம். "கூட்டத்துல நல்லா பேசினீங்களாமே" என்று பையன் என்னைப் பார்த்துச் சிரித்தான். நான் துண்டை எடுத்து அவன் முகத்து ஈயை விரட்டினேன்.

ஏஜெண்டு சொன்னது இது: "இவன் படிப்பு நின்னது காலால இல்லைய்யா. எங்க வீட்டு வாசப்படியால. உசரமா கட்டிட்டோம். தூக்கிட்டுப் போக ஆளில்லாத அன்னிக்கு நின்னுது."

என் பேச்சால் அவர் வேலை போய்விட்டது. அடுத்த நாள் காலையில் சாவிக்கொத்தை ஒப்படைக்க வேண்டுமாம். மேட்டைத் தருவதானால் அன்றைக்குள் தந்தால்தான் உண்டு என்றார். இதிலும் ஏதாவது இருக்குமோ என்று வரும் வழியெல்லாம் யோசித்தேன். இப்போதும் யோசிக்கிறேன். தாசில்தார் எங்கே அளப்பார் என்பது எனக்குத் தெரியாது, தெரிந்ததாகச் சொல்லவும் மாட்டேன்.

ஆனால் உன் குடிசையை அன்றைக்கே பிரித்து, பொழுது சாய்வதற்குள் மேட்டில் நிறுத்திவிட்டோம். ஊரில் ஐம்பது பேர் கட்டியதாகச் சொல்லிவைத்திருக்கிறேன். உண்மையில் ஆறு பேர். அடுத்த வீட்டு வேம்பு கீற்று முடைந்தாள்.

வாசலை மேடாக்கச் சொல்லி எல்லாரும் சண்டை. ஐப்பசி மழையில் தண்ணீர் உள்ளே வந்துவிடும் என்கிறார்கள். வரட்டும், நான் வந்து இறைத்து ஊற்றுகிறேன். வாசலையும் ரோட்டையும் ஒரே மட்டமாகத் தட்டி வைத்திருக்கிறேன். அவனை இறக்கிவிட்டு நீ கொஞ்சம் தள்ளி நின்று பார்.

இராஜாங்கம்